ஆரில் இரண்டு வெக்டர்களை ஜோடி சேர்க்கும்போது எங்கே உதைக்கிறது? அறிகுறியைப் பார்த்துக் கண்டுபிடிக்க

பைத்தானிலிருந்து ஆர் நிரல்மொழிக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது, இரண்டு தொடர்களை உறுப்புக்கு உறுப்பு ஜோடி சேர்க்கும் ஸிப் ஃபங்ஷனை. ஆரிலும் ஸிப் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது கோப்புகளைச் சுருக்கிக் கட்டிவைக்கிற ஸிப், இரண்டு வெக்டர்களை (மதிப்புகளின் தொடர்களை) கொடுத்தால் உங்கள் நோக்கம் அதற்குப் புரியாது. ஆரில் ஜோடி சேர்க்க இதுதான் வழி என்று ஒன்று கிடையாது. கூட்டல் குறியே ஜோடி சேர்க்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுகிற மேப், எம்அப்ளை சேர்க்கும். எழுத்துகளை ஒட்டும் பேஸ்ட், நெடுவரிசைகளாக ஒட்டும் சிபைண்ட், அட்டவணையாக்கும் டேட்டா ஃபிரேம் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் ஜோடி சேர்ப்பவைதான். சிக்கல் என்னவென்றால், இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோது இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும்: ஒன்று நின்றுவிடும், ஒன்று முணுமுணுத்துவிட்டு வேலையைத் தொடரும், ஒன்று வாயே திறக்காது.

சத்தம் போடுகிற கோளாறுகளை முதலில் வைத்திருக்கிறேன், அவை சுலபம். சத்தமே போடாதவை பின்னால் வருகின்றன, நேரமில்லாதவர்கள் நேராக அங்கே போய்விடலாம். ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்புப்படியே எழுதியிருக்கிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் இரண்டு வெக்டர்களுக்கும் லெங்த் (நீளம் காட்டும்), ஸ்டர் (வகை காட்டும்) இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். எது எண், எது எழுத்து, எது ஃபேக்டர் (பெயர்களை உள்ளே எண்ணாக வைத்திருக்கும் வகை) என்று தெரிந்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

“நீளமானதன் நீளம் குட்டையானதன் மடங்காக இல்லை” என்று எச்சரிக்கை வருகிறது

1:6 + 1:4 என்று அடித்துப் பாருங்கள். 2 4 6 8 6 8 என்று விடை வரும், கூடவே இந்த எச்சரிக்கையும் வரும். நாலு எண் தீர்ந்ததும் ஆர் மறுபடி முதலிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அதனால் ஐந்தாவதோடு 1, ஆறாவதோடு 2. கவனிக்க வேண்டியது, இது பிழை இல்லை, எச்சரிக்கைதான். விடை வந்துவிட்டது, நிரல் நிற்கவில்லை, நீளமான ஸ்கிரிப்ட்டாக இருந்தால் இந்த ஒரு வரி மற்ற செய்திகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும். மேப், எம்அப்ளை இரண்டும் இதே போக்குதான்.

ஹெட் போட்டு நீளமானதை வெட்டிச் சமமாக்கினால் எச்சரிக்கை போய்விடும், கோளாறு போகாது. ஒரு பக்கம் ஏன் குறைந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒன்றில் மட்டும் வடிகட்டியிருப்பீர்கள், அல்லது ஒன்றில் மட்டும் என்ஏ, அதாவது விடுபட்ட, மதிப்புகளை நீக்கியிருப்பீர்கள். தேடும் நேரத்தில் ஆப்ஷன்ஸில் வார்ன் அளவை 2 என்று வைத்துக்கொண்டால் எச்சரிக்கைகள் பிழையாக மாறி, சரியாக அந்த வரியிலேயே நிரல் நிற்கும்.

எச்சரிக்கையே இல்லை, ஆனால் மதிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன

1:6 + 1:2 அடித்தால் 2 4 4 6 6 8. ஆறு இரண்டின் மடங்கு என்பதால் ஆர் வாயைத் திறக்காது. 12 மாதத் தரவோடு 4 காலாண்டுத் தரவைச் சேர்த்தாலும் இதே கதைதான், ஜனவரிக்கு முதல் காலாண்டு, பிப்ரவரிக்கு இரண்டாம் காலாண்டு என்று ஓடிக்கொண்டே இருக்கும். டேட்டா ஃபிரேம் கொஞ்சம் கண்டிப்பானது, 6-ம் 4-ம் கொடுத்தால் வரிசை எண்ணிக்கை வேறுபடுகிறது என்று பிழை காட்டி நிற்கும். ஆனால் 6-ம் 2-ம் கொடுத்தால் அதுவும் சத்தமில்லாமல் நீட்டிக்கொள்ளும். எல்லாவற்றிலும் மோசம் பேஸ்ட்: மடங்காக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எச்சரிக்கவே எச்சரிக்காது.

என்னைக் கேட்டால், நீளத்தை நீங்களே சோதிப்பதுதான் நல்லது. ஜோடி சேர்க்கும் வரிக்கு முந்தைய வரியில் இரண்டு நீளமும் சமமா என்று ஸ்டாப்இஃப்நாட் போடுங்கள். இல்லையென்றால் டிப்பிள் (டேட்டா ஃபிரேமின் கண்டிப்பான வடிவம்), அல்லது பர் பேக்கேஜின் மேப்2 பக்கம் போங்கள். இவை நீளம் 1 உள்ளதை மட்டும்தான் நீட்டும், வேறு எந்த நீளம் ஒத்துப்போகாவிட்டாலும் பிழை காட்டி நின்றுவிடும்.

விடை காலியாக வருகிறது

ஒரு பக்கம் நீளம் 0. 1:3 உடன் காலி வெக்டரைக் கூட்டினால் மூன்று எண்ணும் மறைந்து காலிதான் கிடைக்கும், எச்சரிக்கை கிடையாது. மேப்பும் எம்அப்ளையும் முன்பு இதற்குப் பிழை காட்டின, ஆர் 4.2.0 பதிப்பிலிருந்து அவையும் காலியைத் திருப்பித் தருகின்றன. அதாவது பழைய கணினியில் நின்ற ஸ்கிரிப்ட் புதிய கணினியில் நிற்காமல் ஓடலாம். பேஸ்ட் மட்டும் நேர்மாறு: காலியை வெற்று எழுத்தாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு உறுப்பின் வாலிலும் ஓர் இடைவெளியை ஒட்டித் தரும். அது வேண்டாமென்றால் 4.0.1-ல் வந்த ரீசைக்கிள்0 என்ற அமைப்பை ட்ரூ என்று வையுங்கள்.

ஃபார் லூப்பில் ஒன்று முதல் லெங்த் வரை என்று எழுதுகிற பழக்கம் இருந்தால், காலி வெக்டருக்கு அது 1, 0 என்று இரண்டு முறை ஓடும். சீக் அலாங் எழுதிவிடுங்கள், தீர்ந்தது.

ஜோடிகள் படுக்கையாக வருகின்றன, எண்களுக்கு மேற்கோள் குறி விழுந்துவிட்டது

மூன்று பெயர், மூன்று வயது, எம்அப்ளையில் சி ஃபங்ஷனை (மதிப்புகளை ஒரே வெக்டராக்குவது) கொடுத்திருப்பீர்கள். வருவது 2 வரிசை, 3 நெடுவரிசை கொண்ட மேட்ரிக்ஸ். ஜோடி ஒவ்வொன்றும் ஒரு நெடுவரிசையாக நிற்கும், வயதெல்லாம் எழுத்தாக மாறியிருக்கும், மேலே தலைப்பாக அந்தப் பெயர்களே இன்னொரு தடவை உட்கார்ந்திருக்கும். மூன்றுக்கும் மூன்று காரணம். எம்அப்ளை விடையைத் தானாகவே சுருக்கப் பார்க்கும், அதனால் மேட்ரிக்ஸ். ஒரு வெக்டருக்குள் ஒரே வகைதான் இருக்க முடியும், அதனால் மேற்கோள். முதல் வெக்டர் எழுத்தாக இருந்தால் அதையே பெயராக எடுத்துக்கொள்ளும், அதனால் தலைப்பு. சிம்ப்ளிஃபை, யூஸ் நேம்ஸ் இரண்டையும் ஃபால்ஸ் ஆக்கலாம். மேப் போட்டால் சுருக்கல் தொல்லை இல்லை, ஜோடிக்குள் சி-க்குப் பதிலாக லிஸ்ட் என்று கொடுத்தால் வகையும் மாறாது. ஆனால் இவ்வளவு சுற்ற வேண்டியதே இல்லை, பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியது இரண்டு நெடுவரிசை கொண்ட டேட்டா ஃபிரேம்தான்.

தேதிகள் 19723 மாதிரி எண்ணாக வருவதும் இதே குடும்பம். 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய நாள் அது, 19723 என்றால் 2024 ஜனவரி 1. ஃபார் லூப் தேதியின் வகையை உரித்துவிடும், இஃப்எல்ஸ் உரித்துவிடும், எம்அப்ளையின் சுருக்கலும் உரித்துவிடும். லூப்பில் தேதி மேலேயே ஓடாமல் அதன் இட எண் மேல் ஓடி, இரட்டைச் சதுர அடைப்பில் எடுத்தால் தேதி தேதியாகவே இருக்கும்.

எம்அப்ளை எதிர்பார்த்ததைவிட அதிகமாகவோ குறைவாகவோ ஓடுகிறது

எல்லா ஜோடிக்கும் பொதுவாக ஒரு வெக்டரைக் கொடுக்க நினைத்திருப்பீர்கள், எம்அப்ளை அதையும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது. பொதுவானதை மோர் ஆர்க்ஸ் என்ற இடத்தில் லிஸ்ட்டாகப் போடுங்கள். டேட்டா ஃபிரேமைக் கொடுத்திருந்தால் அது நெடுவரிசை நெடுவரிசையாகத்தான் ஓடும், அதன் லெங்த் என்பதே நெடுவரிசை எண்ணிக்கைதான். 500 வரிசை, 3 நெடுவரிசை என்றால் ஓட்டம் மூன்று.

ஒன்றுக்கு ஒன்று வேண்டாம், எல்லாவற்றோடும் எல்லாம் வேண்டும்

அவுட்டர், அல்லது எக்ஸ்பேண்ட் கிரிட். அவுட்டரில் 3 உறுப்பு, 4 உறுப்பு வெக்டர்களோடு நீங்களே எழுதிய ஃபங்ஷனைக் கொடுத்தால், பெருக்குத்தொகை 12, பொருளின் நீளம் 1, இரண்டும் பொருந்தவில்லை என்கிற மாதிரி பிழை வரலாம். அவுட்டர் உங்கள் ஃபங்ஷனை 12 முறை கூப்பிடுவதில்லை, எல்லா ஜோடிகளையும் இரண்டு நீளமான வெக்டர்களாக விரித்து ஒரே ஒரு முறைதான் கூப்பிடுகிறது. பதிலுக்கு 12 விடை வரவேண்டும், உங்களுடையது ஒன்றுதான் தந்தது. ஃபங்ஷனுக்குள் இஃப் இருந்தால் இன்னொரு பிழை, நிபந்தனையின் நீளம் 1-க்கு மேல் என்று. 4.2.0-க்கு முன் இது வெறும் எச்சரிக்கையாக இருந்தது, முதல் மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தது, இப்போது நின்றுவிடுகிறது. நல்லதுதான். ஃபங்ஷனை வெக்டரைஸ் கொண்டு சுற்றிக் கொடுத்தால் இரண்டும் சரியாகும்.

எக்ஸ்பேண்ட் கிரிட்டில் முதல் நெடுவரிசைதான் வேகமாக மாறும், டைடியர் பேக்கேஜில் இருக்கிற அதே பெயர்க்காரனில் கடைசி நெடுவரிசை வேகமாக மாறும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் வரிசை மொத்தமும் மாறிவிடும். அப்புறம், வெக்டருக்குள்ளேயே இரண்டிரண்டாக ஜோடி வேண்டுமென்றால் காம்ப்என், 5 பேருக்கு 10 ஜோடி தரும். வெக்டரில் 7 என்ற ஒரே எண் மட்டும் மிஞ்சியிருந்தால் மட்டும் அது ஒன்று முதல் ஏழு வரை என்று எடுத்துக்கொள்ளும், அதற்கு ஒரு சோதனை வையுங்கள்.

நீளம் சரி, எச்சரிக்கை இல்லை, விடை தப்பு

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஆர் இடத்தைப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறது, இந்த உறுப்பு அந்த உறுப்புக்கு உரியதா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. நீளம் ஒத்துப்போனால் அது திருப்தியாகிவிடும்.

முதல் சந்தேகம், கோப்புகள். மழை1, மழை2 என்று மழை12 வரை பன்னிரண்டு கோப்புகள், லிஸ்ட் ஃபைல்ஸ் போட்டுப் பெயர்களை வாங்கி, ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதப் பெயர்களோடு மேப்பில் இணைக்கிறீர்கள். லிஸ்ட் ஃபைல்ஸ் அகரவரிசையில் தரும்: 1, 10, 11, 12, 2, 3… ஆக பிப்ரவரி என்ற பெயரில் அக்டோபர் மழை, ஐந்தாவது மாதமான மே-யின் பெயரில் பிப்ரவரி மழை. பன்னிரண்டும் பன்னிரண்டும் பொருந்திவிட்டதால் எல்லாம் ஒழுங்காக ஓடும், வரைபடம்கூட வரும். கோப்புகளுக்கு 01, 02 என்று பெயர் வைத்தால் தப்பிக்கலாம், எஸ்பிரிண்ட்எஃப் அந்தப் பூஜ்யத்தைப் போட்டுத் தரும். அதைவிட உறுதியான வழி, கோப்புப் பெயருக்குள்ளிருந்தே மாத எண்ணைப் பிரித்தெடுத்து, மாதப் பெயர் வெக்டரில் அந்த எண் உள்ள இடத்தை எடுப்பது. அப்போது கோப்புகள் எந்த வரிசையில் வந்தாலும் கவலையில்லை.

இரண்டாவது, இரண்டு வெக்டர்களையும் தனித்தனியாக சார்ட் செய்வது. ஜோடி அங்கேயே உடைந்துவிடும், போதாததற்கு சார்ட் என்ஏ மதிப்புகளைச் சொல்லாமல் கழற்றிவிடும். ஒன்றுக்கு ஆர்டர் போட்டு, அந்த இட எண்களை இரண்டுக்கும் கொடுங்கள்.

மூன்றாவதுதான் ரொம்பப் பொல்லாதது. 365 நாள் மழை, 365 நாள் வெப்பநிலை. மழையில் 40-ம் நாள் என்ஏ, வெப்பநிலையில் 200-ம் நாள் என்ஏ. இரண்டிலும் தனித்தனியாக என்ஏ நீக்கினால் இரண்டுமே 364, நீளம் அருமையாகப் பொருந்தும். ஹெட் பார்த்தால் சரி, டெயில் பார்த்தாலும் சரி. நடுவில் 40-ம் இடத்திலிருந்து 199-ம் இடம் வரை 160 ஜோடிகள் சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்ட மாதிரி, அடுத்த நாள் மழை இந்த நாள் வெப்பநிலையோடு. ஒட்டுறவுக் கெழு கேட்டால் கணக்கிட்டுத் தந்துவிடும், என்ன, அது வேறு எதன் கெழுவோ. நீக்குவதற்கு முன்பே இரண்டையும் ஒரே டேட்டா ஃபிரேமில் போட்டு, கம்ப்ளீட் கேசஸ் கொண்டு வரிசை வரிசையாக நீக்குங்கள், 363 நாள் மிஞ்சும், எல்லாம் தன் ஜோடியோடு.

என்ஏ நீக்கும் வரியே நிரலில் இல்லை என்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்குத் தெரியாமல் உறுப்பைக் கழற்றும் ஃபங்ஷன்களைத் தேடுங்கள். எழுத்திலிருந்து வடிவம் பொருந்தும் துண்டை எடுக்கிற ரெக்மேட்சஸுக்கு ரெக்எக்ஸ்பிஆர் கொடுத்தால் பொருந்தாத உறுப்புகளுக்கு வெற்றிடம் தராது, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். லிஸ்ட்டை வெக்டராக்கும் அன்லிஸ்ட், நல் (வெறுமையான) உறுப்புகளை முழுங்கிவிடும், 1, நல், 3 என்ற லிஸ்ட்டைக் கொடுத்தால் நீளம் 2. அன்லிஸ்ட்டுக்கு முன் லெங்த்ஸ் (கடைசியில் ஸ் உண்டு) போட்டுப் பாருங்கள், 0 இருக்கிற இடம்தான் குற்றவாளி. குழுக்களாகப் பிரிக்கும் டிஅப்ளை, ஸ்ப்ளிட் இரண்டும் எதையும் கழற்றாவிட்டாலும் விடையை ஃபேக்டரின் நிலை வரிசையில், பெரும்பாலும் அகரவரிசையில், தரும். மூலத்தில் இருந்த வரிசை இருக்கும் என்று நம்பிப் பக்கத்தில் இன்னொரு வெக்டரை ஒட்டாதீர்கள். அது தரும் பெயர்களைப் பார்த்து மேட்ச் செய்யுங்கள்.

சாவி கொண்டு மேட்ச் செய்தால் என்ஏ, கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது

சாவி, அதாவது இரண்டு பக்கத்தையும் பொருத்த உதவும் அடையாளம், தமிழில் இருந்தால் முதலில் எழுத்துக் குறியாக்கத்தைச் சந்தேகப்படுங்கள். ஒரு கோப்பிலும் கோயம்புத்தூர், இன்னொன்றிலும் கோயம்புத்தூர், இரண்டையும் == போட்டால் ஃபால்ஸ். எழுத்துக்குறிகளை எண்ணும் என்சாரைக் கேளுங்கள்: ஒன்று 13 என்கும், இன்னொன்று 14 என்கும். முதல் எழுத்தை மட்டும் எடுத்து, யூனிகோட் எண்களைக் காட்டும் யூடிஎஃப்8டுஇன்ட்டில் போட்டால் குட்டு வெளிப்படும். ஒன்றில் 2965 3019, இன்னொன்றில் 2965 3015 3006. யூனிகோடில் ‘ோ’ குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனி எண்ணாகவும் எழுதலாம். திரையில் ஒரே உருவம், ஆர் ஒப்பிடுவதோ உள்ளே இருக்கும் எண்களை. ‘ொ’வுக்கும் இப்படித்தான். ஸ்ட்ரிங்கி பேக்கேஜில், இரண்டையும் ஒரே வடிவமாக்கும் ஸ்ட்ரி டிரான்ஸ் என்எஃப்சி இருக்கிறது, இரண்டு பக்கச் சாவிகளையும் அதன் வழியாக அனுப்பிவிட்டு மேட்ச் செய்யுங்கள். ஆனால் பௌர்ணமியை யாராவது ஒற்றைக்கொம்பு, ப, ள என்று தட்டியிருந்தால் அது யூனிகோடின் பார்வையில் வேறு சொல், என்எஃப்சி அதைத் தொடாது, நீங்களே தேடி மாற்ற வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறிகளும் இப்படி ஒளிந்திருக்கும், அவற்றுக்கும் என்எஃப்சி மருந்தில்லை. வாலில் ஒட்டிய இடைவெளிக்கு ட்ரிம்டபிள்யூஎஸ் போதும்.

சாவி எண்ணாக இருந்தால்? 0-விலிருந்து 1 வரை 0.1 அடியாக சீக் போட்டு அதில் 0.3-ஐத் தேடுங்கள், கிடைக்காது. பதின்மப் புள்ளிக் கணக்கின் கடைசி இலக்கச் சங்கதி. 10-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கிச் சேருங்கள். ஒரு பக்கம் எண், மறு பக்கம் எழுத்து என்றால் ஆர் எண்ணை எழுத்தாக்கித்தான் ஒப்பிடும். அதில் 100000 மட்டும், 200000 மட்டும் அறிவியல் குறியீட்டுக்குப் போய் 1இ+05, 2இ+05 ஆகிவிடும், 120000 அப்படியே இருக்கும். ஆயிரக்கணக்கான உறுப்பினர் எண்களில் முழு லட்சங்கள் மட்டும் ஜோடி இல்லாமல் நின்றால் இதுதான் காரணம், முன்கூட்டியே இன்டிஜராக மாற்றிவிடுங்கள்.

தேடல் பட்டியலிலிருந்து விலை எடுத்தால் வேறு பொருளின் விலை வருகிறது

அரிசி 60, பருப்பு 150, எண்ணெய் 200 என்று பெயரிட்ட வெக்டர். பொருள் நெடுவரிசையைச் சதுர அடைப்புக்குள் கொடுத்து விலையை எடுக்கிறீர்கள். அரிசிக்குச் சரியாக 60. எண்ணெய்க்கு 150, பருப்புக்கு 200. பொருள் நெடுவரிசை ஃபேக்டராக இருக்கிறது என்று அர்த்தம். ஃபேக்டருக்கு உள்ளே இருப்பது எண், அகரவரிசைப்படி அரிசி 1, எண்ணெய் 2, பருப்பு 3, அடைப்புக்குறி அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. 4.0.0-லிருந்து டேட்டா ஃபிரேம் எழுத்துகளைத் தானாக ஃபேக்டராக்குவதில்லை, ஆனால் எக்ஸ்பேண்ட் கிரிட் இன்னும் ஆக்குகிறது, கட் ஆக்குகிறது, டேபிளை டேட்டா ஃபிரேமாக மாற்றினாலும் ஆகிறது. அடைப்புக்குள் போகும் முன் ஆஸ் கேரக்டர் போடுங்கள். அரிசி சரியாக வந்ததை நம்பி நிறுத்திவிட்டீர்கள் என்றால் இது பிடிபடவே படாது.

மெர்ஜ் செய்தால் வரிசைகள் பெருகுகின்றன, அல்லது காணாமல் போகின்றன

மெர்ஜ் இரண்டு டேட்டா ஃபிரேம்களைச் சாவி கொண்டு இணைக்கும். ஒரே சாவி இடப்பக்கம் 3 முறை, வலப்பக்கம் 2 முறை இருந்தால் 6 வரிசை வரும். எனிடூப்ளிகேட்டட் போட்டு இரண்டு பக்கமும் முன்பே பாருங்கள். டிப்ளையர் பேக்கேஜின் ஜாயின்கள் அதன் 1.1.0 பதிப்பிலிருந்து இதற்கு எச்சரிக்கை தருகின்றன, மெர்ஜ் தராது. மேட்ச் முதலில் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும், அதுவும் சொல்லாமல். காணாமல் போனால் ஆல் என்பதை ட்ரூ வையுங்கள். மெர்ஜ் விடையைச் சாவிப்படி அடுக்கித் தரும் என்பதையும் மறக்காதீர்கள், மெர்ஜுக்கு முன் எடுத்துவைத்த வெக்டரை அப்புறம் பக்கத்தில் ஒட்டினால் மேலே சொன்ன தப்பு விடைக் கதை மறுபடியும் முதலிலிருந்து.

முந்தைய மதிப்போடு ஜோடி சேர்க்க லேக் போட்டேன், எதுவும் நகரவில்லை

விடைக்குக் கீழே டிஎஸ்பி என்றும் 0 4 1 மாதிரி மூன்று எண்களும் தெரிகிறதா? ஆரோடு வரும் ஸ்டாட்ஸ் பேக்கேஜின் லேக் அது. மதிப்புகளைத் தொடாது, காலத்தொடரின் தேதி முத்திரையை மட்டும் நகர்த்தும். நீங்கள் நினைத்தது டிப்ளையரின் லேக், அதை ஏற்றாமல் விட்டிருப்பீர்கள், அல்லது வேறு பேக்கேஜ் பின்னால் ஏறி மறைத்திருக்கும். பேக்கேஜ் பெயரையும் இரட்டை இரட்டைப்புள்ளியையும் முன்னால் சேர்த்து எழுதுங்கள். பேக்கேஜே வேண்டாமென்றால் டெயிலுக்கு -1, ஹெட்டுக்கு -1 கொடுத்து இரண்டையும் சிபைண்ட் செய்யுங்கள், இன்றையதும் நேற்றையதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், முதல் நாளுக்கு ஜோடி கிடையாது என்பதால் ஒரு வரிசை குறையும்.